அயலவர் பெற்ற தடையுத்தரவும் உங்கள் காணியும்

கேள்வி: திருகோணமலை நகருக்கு வெளியே, பிரதான வீதியோரத்தில், தாயார் சீதனமாக எழுதித் தந்த 20 பேர்ச் உறுதிக் காணி எனக்கு உள்ளது. வீதியை அகலிப்பதற்கென ஆறு வருடங்களுக்கு முன் காணி எடுத்தற் சட்டத்தின் 2ஆம் பிரிவு அறிவித்தலை (பொதுத் தேவைக்குக் காணி வேண்டும் என்பதை) வேலியில் ஒட்டினார்கள். பின்னர் காணியின் உடைமையைப் பொறுப்பேற்கும்படி 38ஆம் பிரிவின் கீழ் அமைச்சரின் கட்டளை வர்த்தமானியிலும் வந்தது. நில அளவையாளர் மதிலில் சிவப்பு மையால் கோடு போட்டுவிட்டுப் போனார். இதற்கிடையில் அயலவர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் இடைக்காலத் தடையுத்தரவு பெற்றதால் வேலை நின்றுவிட்டது. நட்டஈடும் வரவில்லை, வங்கியும் கடன் தர மறுக்கிறது. இந்தியாவுடனான தரைவழிப் பாதைக்காகவே இந்த வீதி, இனி எதுவும் செய்ய முடியாது என்கிறார்கள். வழக்கு முடியும்வரை காத்திருப்பதா, ஐயா?

பதில்: காத்திருக்க வேண்டாம். உங்களைப் போன்ற பலர் இந்த இடத்தில்தான் உரிமையை இழக்கிறார்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஊர்ப்பேச்சைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். 2023 ஜூலை 21 அன்று புதுடில்லியில் இரு நாடுகளும் வெளியிட்ட கூட்டு ஆவணத்தில், திருகோணமலை, கொழும்புத் துறைமுகங்களுக்கான தரைவழித் தொடர்பு பற்றிக் கூறப்பட்டது உண்மை. அதற்குரிய சாத்தியவள ஆய்வு பற்றியும் அதில் பேசப்பட்டது. ஆனால் அத்தகைய ஆவணம் எதுவும் ஒருவரின் காணியில் ஓர் அங்குலத்தையேனும் அரசுக்கு உரித்தாக்குவதில்லை. அதைச் செய்யக்கூடியது 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தின் கீழ் எடுக்கப்படும் நடவடிக்கை மட்டுமே.

அயலவரின் தடையுத்தரவு அவருடைய மனுவில் பிறந்தது. அது முழு வர்த்தமானி அறிவித்தலையும் இடைநிறுத்துகிறதா, அல்லது அவருடைய காணித்துண்டை மட்டும் காக்கிறதா என்பதை உத்தரவின் வாசகமே தீர்மானிக்கும். ஆகவே அதன் அத்தாட்சிப்படுத்திய பிரதியொன்றைப் பெற்று, அதிலுள்ள துண்டு இலக்கங்களையும் உங்கள் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் இலக்கம் அதில் இல்லையென்றால், நாளைக் காலையில் இயந்திரம் உங்கள் மதிலடிக்கு வந்தாலும் அந்த உத்தரவைக் காட்டி அதைத் தடுக்க முடியாமற்போகலாம். இன்னொன்றையும் மனதில் வையுங்கள். தெற்கு அதிவேக நெடுஞ்சாலை வழக்கில், தடம் மாற்றப்பட்டபோது பாதிக்கப்பட்டவர்களின் கருத்து கேட்கப்படவில்லை என்பதை உயர் நீதிமன்றம் 2004 ஜனவரியில் ஏற்றுக்கொண்டது. ஆயினும் வீதியை அது நிறுத்தவில்லை. மனுதாரர் ஒவ்வொருவருக்கும் 75,000 ரூபா கொடுக்கும்படி கட்டளையிட்டது. வழக்காடாத அயலவர்களுக்கு அந்தத் தொகையில் பங்கு இருக்கவில்லை.

உங்கள் விடயத்தில் எல்லாம் ஒரு தாளைப் பொறுத்திருக்கிறது. காணியின் உடைமை உண்மையாகவே அரசின் சார்பில் பொறுப்பேற்கப்பட்டதா? நில அளவையாளர் கோடு போட்டது உடைமையை ஏற்றதாகாது. ஆனால் பிரதேச செயலக உத்தியோகத்தர் யாராவது வந்த ஒரு நாளில், வேலியடியில் நின்றபடியே நீங்களோ வீட்டிலிருந்த வேறெவருமோ ஒரு படிவத்தில் கையொப்பமிட்டிருந்தால், அது உடைமை ஒப்படைப்புப் பத்திரமாக இருக்கக்கூடும். வாசித்துப் பார்க்காமல், சில வேளைகளில் சிங்களத்தில் மட்டுமே இருந்த தாளில், கையொப்பமிட்டவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். அவர்கள் மீது எனக்குக் குறையில்லை. 2ஆம் பிரிவு அறிவித்தல் மூன்று மொழிகளிலும் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்லும் நாட்டில், அந்தத் தாளும் அவர்களுக்கு விளங்கும் மொழியில் இருந்திருக்க வேண்டும்.

உடைமை பொறுப்பேற்கப்படாதிருந்தால், 38ஆம் பிரிவின் கட்டளையை 39ஆம் பிரிவின் கீழ் இரத்துச் செய்யும் அதிகாரம் அமைச்சருக்கு உண்டு. பொறுப்பேற்கப்பட்டிருந்தால் 39அ பிரிவே வழி: நட்டஈடு கொடுக்கப்படாமலும், காணி பொதுத் தேவைக்குப் பயன்படுத்தப்படாமலும், அதில் அபிவிருத்தி எதுவும் செய்யப்படாமலும் இருந்து, அதை உடனே திரும்ப ஏற்பதற்கு உரித்தாளர்கள் எழுத்தில் சம்மதித்தால், காணியை மீளக் கையளிக்கலாம். ஆறு வருடங்களாக ஒரு கூடை கிரவல்கூடக் கொட்டப்படாத காணிக்கு இது பலமான வாதம். ஆனால் வேலை நின்றதற்கு நீதிமன்ற உத்தரவே காரணம் என்று மறுதரப்புச் சொல்லும். அதற்கும் ஆயத்தமாக இருங்கள்.

காணியைத் திரும்பப் பெறுவதைவிட நட்டஈட்டையே நீங்கள் விரும்பினால், நட்டஈட்டுக் கோரிக்கைகளை அழைக்கும் 7ஆம் பிரிவு அறிவித்தல் வெளியானதா என்று பாருங்கள். சந்தைப் பெறுமதி கணிக்கப்படுவது அந்த அறிவித்தல் வர்த்தமானியில் வெளியான நாளைக் கொண்டுதான். அது வெளியாகாதிருந்தால், அக்கடமையைச் செய்யுமாறு பணிக்கும் எழுத்தாணையை அரசியலமைப்பின் 140ஆம் உறுப்புரையின் கீழ் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் கோரலாம். எழுத்தாணை மனுவுக்கு நாட்கணக்கில் எல்லை இல்லாவிட்டாலும், காரணமற்ற தாமதம் மனுவை வீழ்த்திவிடும். அடிப்படை உரிமை மனுவுக்கோ ஒரு மாதமே. தீர்மானிக்கப்படும் தொகை போதாதெனில் 21 நாட்களுக்குள் மீளாய்வுச் சபைக்குச் செல்ல வேண்டும். அயலவரின் வழக்கு நடப்பதால் இந்த 21 நாட்கள் நீளாது.

அதுவரை கோட்டுக்கு உட்பட்ட பகுதியில் கட்டடம் எழுப்பாதீர்கள். நடவடிக்கையை மறைத்து விற்கவும் வேண்டாம்.

இந்த வாரமே, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பிரதேச செயலகத்தின் தகவல் உத்தியோகத்தருக்குத் தமிழிலேயே ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். 2ஆம், 38ஆம், 7ஆம் பிரிவுகளின் கீழான அறிவித்தல்களும் கட்டளைகளும், அளவை வரைபடம், உடைமை ஒப்படைப்புப் பத்திரம் ஆகியவற்றின் பிரதிகளைக் கேளுங்கள். வழங்குவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். விண்ணப்பம் கிடைத்ததற்கான பற்றுச்சீட்டைத் திகதியுடன் வாங்கி, உறுதியோடு சேர்த்து வையுங்கள்.