வேருக்கு அண்டை வீட்டாரைத் தெரியுமா?

கேள்வி: ஒரே தொட்டியில் இரண்டு செடி வைத்தால் வேர்கள் சண்டை போடுமா? பக்கத்தில் இருப்பது யாரென்று அவற்றுக்குத் தெரியுமா?

பதில்: தண்ணீருக்கும் தழைச்சத்துக்கும் போட்டி நிச்சயம் உண்டு. உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் சூசன் டட்லியும் அமாண்டா ஃபைலும் கடற்கரை மணலில் வளரும் ஒரு கடுகுக் குடும்பச் செடியைத் தொட்டிகளில் வளர்த்தார்கள். அந்நியச் செடிகளோடு தொட்டியைப் பகிர்ந்தவை வேருக்கு அதிகம் செலவிட்டன. ஒரே தாயின் விதைகள் கூடி வளர்ந்தபோது அந்த வேகம் இல்லை. 2007இல் இது வெளியானபோது பலர் நம்பவில்லை. விதையின் பருமன் போன்ற காரணமாக இருக்கலாம் என்றார்கள். அந்தச் சந்தேகம் நியாயமானது. எல்லாச் செடியும் உறவு பார்க்கும் என்று நானும் சொல்லமாட்டேன்.

எப்படி அறிகின்றன? கண்ணில்லை, நரம்பில்லை. வேர்கள் மண்ணில் கசியவிடும் வேதிப்பொருள்கள்தான் முக்கியத் தடயம். அவற்றில் சில நஞ்சாகவும் வேலை செய்யும்: கறுப்பு வால்நட் மரத்திலிருந்து மண்ணில் சேரும் ஜுக்லோன் தக்காளியை வாடவைத்துவிடும். அமெரிக்காவின் மொஹாவி பாலைவனப் புதர் ஒன்றின் வேர், தன் இனத்தின் வேறொரு செடியைத் தொட்டால் வளர்ச்சியைக் குறைக்கிறது. தன் சொந்த வேரைத் தொட்டால் குறைப்பதில்லை. எனக்கு இதுதான் பெரிய வியப்பு.

உங்கள் தொட்டிச் செடிகள் உடன்பிறப்புகளாகவே இருந்தாலும், தயவுசெய்து இடம்விட்டு நடுங்கள்.