வெள்ளிக்கிழமை வெயிலை நம்பாதீர்கள்: இந்த வாரக் குளிர், கேள்வி பதில்

முதலில் நிலவரம். தென்னாப்பிரிக்காவுக்கு அட்லாண்டிக் பக்கமிருந்து ஒரு குளிர் முகப்பு, அதாவது குளிர்ந்த காற்றுத் திரளின் முன்விளிம்பு, வருகிறது. வியாழக்கிழமை கேப்டவுனில் மழை. வெள்ளி பகலில் டர்பனில் சூடான காற்று, இரவில் குளிர். சனிக்கிழமை டிராகன்ஸ்பர்க், லெசோத்தோ மலைகளில் பனிப்பொழிவு. ஞாயிறு, திங்கள் விடியலில் உள்நாட்டில் உறைபனி. இனி உங்கள் கேள்விகள், ஊர்ப் பெயரோடு.

சாட்ஸ்வொர்த்: அண்ணா, வெள்ளிக்கிழமை 29 டிகிரி என்று போன் காட்டுகிறது. நீங்கள் குளிர் என்கிறீர்கள். அன்றைக்குத்தான் எங்கள் தெருவில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறோம்.

இரண்டும் உண்மைதான் அம்மா. முகப்பு வருவதற்கு முன்னால் கடலோரம் ஒரு சின்னத் தாழ்வழுத்தம் நகர்ந்து வரும். அது மேட்டுநிலத்துக் காற்றைக் கடல் பக்கம் இழுக்கும். வறண்ட காற்று மலையிலிருந்து இறங்கும்போது 100 மீட்டருக்கு ஏறக்குறைய 1 டிகிரி சூடாகும். 1,500 மீட்டர் இறங்கினால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இங்கே பெர்க் காற்று என்பது இதைத்தான். பிறகு திடீரென்று தென்மேற்குக் காற்று திரும்பும். ஒரு மணி நேரத்துக்குள் பத்து டிகிரி இறங்கியதை நானே பார்த்திருக்கிறேன்.

எனக்குக் கவலை குளிர் அல்ல, உங்கள் அடுப்பு. குளிர்காலத்தில் மழை இல்லாமல் புல்லெல்லாம் காய்ந்து கிடக்கிறது. பெர்க் காற்றில் அண்டாவுக்கு அடியிலிருந்து ஒரு பொறி பறந்தால் போதும். பந்தல் துணியை அடுப்பருகே கட்டாதீர்கள்.

ஜோகன்னஸ்பர்க்: பனி பெய்யுமா?

வாய்ப்பு குறைவு. குளிர் மட்டும் போதாது, ஈரமும் வேண்டும். ஈரம் வந்து சேர்வதற்குள் மேகம் கலைந்துவிடும். 2012 ஆகஸ்டில் பெய்தது, 2023 ஜூலையில் பெய்தது. இடையில் எத்தனை வருடம் என்று பாருங்கள்.

லேடிஸ்மித்: சனிக்கிழமை இரவு என்-3 நெடுஞ்சாலையில் ஜோகன்னஸ்பர்க் போக வேண்டும், சார்.

போகாதீர்கள். வெள்ளி பகலிலேயே கிளம்புங்கள், அல்லது திங்கள் மதியம். 2024 செப்டம்பரில், குளிர்காலம் முடிந்தது என்று எல்லாரும் நினைத்திருந்தபோது, அதே சாலையில் வான் ரீனன் கணவாய்ப் பக்கம் வண்டிகள் இரவெல்லாம் பனியில் சிக்கி நின்றன. போயே ஆக வேண்டும் என்றால் கம்பளி, தண்ணீர், முழு டேங்க் எண்ணெய்.

பிரிட்டோரியா: தொட்டியில் கறிவேப்பிலைச் செடி இருக்கிறது.

உள்ளே தூக்கி வையுங்கள்.

டோங்காட்: 2024 ஜூன் 3 போலச் சுழற்காற்று வருமா? பிள்ளைகள் இன்னும் பயப்படுகிறார்கள்.

பயம் நியாயமானது. ஆனால் அது வேறு வகை. மேலடுக்கில் மேற்குக் காற்றோட்டத்திலிருந்து அறுந்து தனியாக நிற்கும் தாழ்வழுத்தம் அதற்குக் காரணம். 2022 ஏப்ரல் டர்பன் வெள்ளத்துக்கும் அதுதான். இந்த வாரம் வருவது சாதாரண முகப்பு, நிற்காமல் போய்விடும்.

பீனிக்ஸ்: டர்பனில் பனி பெய்யுமா?

பெய்யாது.

டோங்காட், பெரியவர் ஒருவர்: தம்பி, "ஆடியில் காற்றடித்தால் ஐப்பசியில் மழை" என்பார்கள். வெள்ளிக்கிழமை காற்றை வைத்து ஐப்பசியைச் சொல்லிவிடலாமே?

ஐயா, அது தமிழ்நாட்டுக் கணக்கு. ஆடியில் அங்கே வீசுவது தென்மேற்குப் பருவக்காற்று, ஐப்பசியில் கொட்டுவது வடகிழக்குப் பருவமழை. நமக்கு ஆடி நடுக்குளிர்காலம். இங்கே பருவக்காற்றே கிடையாது.

பிரிட்டோரியா: அண்ணே, நான் உடுமலைக்காரன். எங்கள் ஆடிக் காற்றும் மலை தாண்டித்தானே வருகிறது? வறண்டுதானே வீசுகிறது?

நல்ல கேள்வி. மலையைத் தாண்டி இறங்கும் காற்று சூடாகி வறளும் என்பது இரண்டு ஊருக்கும் பொது. ஆனால் உங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகவும் காற்று பீய்ச்சி அடிக்கிறது. அதனால்தான் அங்கே அத்தனை காற்றாலைகள். அது வாரக்கணக்கில் வீசும். பெர்க் காற்று ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு மூன்று நாள்.

டோங்காட் பெரியவர்: எங்கள் தாத்தா கரும்புத் தோட்டத்தில் இதே பழமொழியைச் சொல்லித்தான் நாள் பார்த்தார். தப்பியதே இல்லை.

தப்பாதுதான் ஐயா! ஐப்பசி என்றால் அக்டோபர், நவம்பர். குவாசுலு-நட்டாலில் கோடை மழை தொடங்கும் காலம். ஆடியில் காற்று அடித்தாலும் அடிக்காவிட்டாலும் மழை வரும்.

டோங்காட் பெரியவர்: அப்படியானால் பழமொழி பொய்க்காத ஊர் இதுதான் என்று சொல்லுங்கள்.

சரி, நீங்கள் ஜெயித்தீர்கள்.

பெனோனி: எங்கள் பக்கம் பனி பெய்யுமா?

மேலே ஜோகன்னஸ்பர்க்காரருக்குச் சொன்னதுதான். படித்துவிட்டுக் கேளுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: மின்சாரம் போனால் அறையில் கரிச்சட்டி வைக்கலாமா? ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கிறேன்.

வேண்டாம். இதை ஒவ்வொரு குளிர்காலமும் சொல்கிறேன். கரிப்புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கம் வருவது போலத்தான் இருக்கும், அப்புறம் எழுந்திருக்க மாட்டீர்கள். ஒரு விரற்கடை ஜன்னல் காப்பாற்றாது. இரண்டு கம்பளி போர்த்திக்கொள்ளுங்கள்.

டர்பன்: சார்டைன் மீன் எப்போது கரைக்கு வரும்?

வலைக்காரர்களிடம் கேளுங்கள்.

சாட்ஸ்வொர்த்: அண்ணா, மறுபடியும் நான்தான். காலை நாலு மணிக்கே அடுப்பு மூட்டினால் சரியா?

சரி. காற்று வலுப்பதற்குள், எட்டு மணிக்கு முன்னால் இறக்கிவிடுங்கள். கொள்ளியை அப்படியே விட்டுவிட்டுப் போகாமல் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிக் கிளறிப் பாருங்கள். கூழ் ஆறினால்தான் ருசி. எனக்கும் ஒரு சொம்பு எடுத்து வையுங்கள்.