லேப்ரடாருக்கு மூட்டு வலி, சிபிடி எண்ணெய் குடுக்கலாமா?

கேள்வி: எங்க லேப்ரடாருக்கு 11 வயசு, 32 கிலோ. பின்னங்கால் மூட்டு தேய்ஞ்சுபோய் மாடிப்படி ஏற மாட்டேங்குறான். டாக்டர் மெலாக்ஸிகாம்னு ஒரு வலி மாத்திரை எழுதிக் குடுத்திருக்கார். நாயைக் குளிப்பாட்டி முடி வெட்ட வீட்டுக்கு வர்ற கிரூமர், சிபிடி எண்ணெய் 5 சொட்டு குடுங்க, மூலிகைதான், சைடு எஃபெக்டே கிடையாது, மாத்திரையை நிறுத்திடலாம்னு சொல்றார். குடுக்கலாமா டாக்டர்? (கோவை வாசகி)

பதில்: முதல்ல மாத்திரையை நிறுத்தாதீங்கம்மா. மத்ததெல்லாம் அப்புறம்.

சிபிடி கஞ்சாச் செடியில இருந்து எடுக்குறதுதான், ஆனா போதை தர்ற டிஹெச்சி வேற, இது வேற. வலிக்கு கேக்குமான்னா, கேக்க வாய்ப்பு இருக்கு. அமெரிக்காவுல கார்னெல் பல்கலைக்கழகத்துல 2018-ல மூட்டுத் தேய்மானம் உள்ள நாய்களுக்கு கிலோவுக்கு 2 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ரெண்டு வேளை குடுத்துப் பார்த்தாங்க, வலி குறைஞ்சுது. அதே நாய்கள்ல ஏஎல்பிங்குற ஈரல் என்சைமும் ஏறுச்சு, இதை விக்கிறவங்க யாரும் சொல்றதில்ல.

இப்ப உங்க பாட்டிலுக்கு வாங்க. 30 மில்லி பாட்டில்ல மொத்தம் 300 மில்லிகிராம் சிபிடின்னு போட்டிருந்தா, 5 சொட்டுல வர்றது சுமாரா ரெண்டரை மில்லிகிராம். அந்த ஆராய்ச்சிக் கணக்குப்படி உங்க பையனுக்கு ஒரு வேளைக்கே 64 மில்லிகிராம் வேணும். பாட்டில் மூணு நாள் கூட வராது. அதுக்காக நீங்களே சொட்டைக் கூட்டிராதீங்க, உள்ள டிஹெச்சி எவ்வளவு கலந்திருக்குன்னு தெரியாம கூட்டினா நாய் தள்ளாடும், நின்ன இடத்துலயே மூத்திரம் சொட்டும், சின்ன சத்தத்துக்கே தூக்கிவாரிப் போடும்.

இன்னொரு ஏமாத்து வேலை ஹெம்ப் விதை எண்ணெய், அதாவது கஞ்சாச் செடி விதையில எடுக்குற எண்ணெய். 2021-ல எஃப்எஸ்எஸ்ஏஐ, நம்ம நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம், இதை சாப்பாட்டுப் பொருளா அனுமதிச்சுது, விதையில சிபிடி கிட்டத்தட்ட இல்லவே இல்ல. அதையே பச்சை இலை படம் போட்டு வலி மருந்து விலைக்கு விக்கிறாங்க. உங்க கிரூமருக்கு பாட்டிலுக்கு இவ்வளவுன்னு கமிஷன் வருதான்னு ஒரு வார்த்தை கேட்டுருங்க. பேட்ச் நம்பரோட வெளி லேப் ரிப்போர்ட், சிபிடி எவ்வளவு டிஹெச்சி எவ்வளவுன்னு தனித்தனியா காட்ட முடியலன்னா வாங்கவே வாங்காதீங்க. ரெண்டு நிமிஷம் போன்ல பேசி, நாயைப் பார்க்காமலே சிபிடிக்கு சீட்டு எழுதிக் குடுக்குறதை எல்லாம் வைத்தியம்னு நான் ஒத்துக்க மாட்டேன்.

ஃபிட்ஸ் வர்ற நாய் வச்சிருக்கிறவங்களும் இதைப் படிப்பீங்க, அதனால இதைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன். அமெரிக்காவுல கொலராடோவுல 2019-ல ஃபிட்ஸுக்கு சிபிடி குடுத்துப் பார்த்தப்ப, ஏற்கனவே சாப்பிடுற மாத்திரையோட சேர்த்துதான் குடுத்தாங்க, மாத்திரையை நிறுத்திட்டு இல்ல. பீனோபார்பிட்டால்ங்குற ஃபிட்ஸ் மாத்திரை சாப்பிடுற நாய்க்கு அதை திடீர்னு நிறுத்தினா ஃபிட்ஸ் விடாம தொடர்ந்து வந்து உயிரே போகலாம். சேர்த்துக் குடுக்குறதும் சும்மா இல்ல, ரெண்டையும் உடைக்கிறது ஈரல்தான், ஒண்ணு இன்னொண்ணோட அளவை மாத்திடலாம், ரத்தத்துல மருந்து அளவு பார்த்துப் பார்த்துதான் குடுக்கணும். இதை நீங்களா வீட்டுல செய்யவே கூடாது.

பூனைக்கு வேண்டாம்.

எனக்கு ஆத்திரம் இதுலதான். அமெரிக்காவுல மருந்துகளை அங்கீகரிக்கிற எஃப்டிஏ கூட மிருகங்களுக்குன்னு ஒரு சிபிடி மருந்தையும் அங்கீகரிக்கல. இங்க கஞ்சா இலைச் சத்து ஆயுர்வேத லைசன்ஸ் வழியா மனுஷனுக்கு வருது, நாய்க்கு என்ன டோஸ்னு எழுதி வைக்க ஆளில்ல. நாங்களும் வாயைத் திறக்கத் தயங்குறோம், அந்த இடைவெளியில இன்ஸ்டாகிராம் கடைக்காரன் டாக்டர் ஆயிடுறான். டாக்டர் திட்டுவார்னு பயந்து பாதிப் பேர் குடுக்குறதையே மறைச்சிடுறாங்க, அப்புறம் ஈரல் டெஸ்ட் ஏன் இப்படி வந்திருக்குன்னு நாங்க மண்டையை உடைச்சுக்கிறோம்.

இந்த வாரம் ஈரல், கிட்னி ரெண்டுக்கும் ரத்த டெஸ்ட் எடுங்க, மெலாக்ஸிகாம் தொடரவும் அது வேணும். 32 கிலோ அவனுக்கு அதிகமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, எடை இறங்கினாலே மூட்டுக்குப் பாரம் குறையும். டைல்ஸ் தரையில வழுக்காத மேட் போடுங்க. அதுக்கப்புறமும் சிபிடி பார்க்கணும்னா பாட்டிலையும் லேப் ரிப்போர்ட்டையும் கையோட எடுத்துட்டுப் போய் உங்க டாக்டர் மேசையில வச்சுப் பேசுங்க. ஏற்கனவே ரெண்டு சொட்டு குடுத்திருந்தாலும் ரத்தம் எடுக்குறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.