அடுப்படிக் கடிதங்கள்: கஜுவும் கேக் மெஷினும்

திருகோணமலை உவர்மலையில் பல வருடமாக வீட்டிலிருந்தே கேக் அடித்துக் கொடுக்கிறேன். நத்தார் நெருங்குவதால் இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கஜுவைப் பற்றியும் ஸ்டாண்ட் மிக்சரைப் பற்றியும்தான். ஐந்தை மட்டும் எடுத்திருக்கிறேன்.

லவ் கேக்குக்குக் கஜுவை கிரைண்டரில் அரைத்தேன். தூளாக வராமல் களியாகிவிட்டது. கேக் வெந்த பிறகு தட்டின் அடியில் எண்ணெய் கசிந்து நின்றது. எல்லாம் அளந்துதான் போட்டேன். எங்கே பிழை விட்டேன் அக்கா?
– வாசகி, நிலாவெளி

அளவில் பிழை இல்லை தங்கச்சி, சூட்டில்தான் பிழை. கஜுவின் எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக எண்ணெய் இருக்கிறது. பிளேடு சுற்றச் சுற்றச் சூடேறி அது வெளியே வந்துவிடும். வந்த எண்ணெயைத் திரும்ப உள்ளே அனுப்ப வழி கிடையாது. நான் முதன்முதல் லவ் கேக் செய்தது ஒரு சித்திரை மாதம், மத்தியானம் இரண்டு மணிக்கு. அரைக் கிலோ கஜுவை ஒரே மூச்சாக அரைத்தேன். அம்மா கிண்ணத்தைச் சரித்துப் பார்த்துவிட்டு, "இதைப் பாணுக்குப் பூசலாம், கேக்குக்கு ஆகாது" என்றார். அவர் கடைசிவரை கத்தியால்தான் கொத்தினார்.

இப்போது நான் செய்வது இதுதான். கஜுவை அரை மணி நேரம் ஃபிரீசரில் வைக்கிறேன். ஒரு தடவைக்குக் கால் கிலோவுக்கு மேல் போடுவதில்லை. கேக்குக்கு அளந்து வைத்த ரவையிலிருந்து இரண்டு மேசைக்கரண்டி எடுத்துக் கூடவே போட்டுவிடுவேன், கசியும் எண்ணெயை அது பிடித்துக்கொள்ளும். இரண்டு இரண்டு செக்கனாக விட்டு விட்டு அரைக்க வேண்டும். முழுக்கத் தூளாக்க வேண்டாம். மிளகளவு துண்டு ஒன்றிரண்டு பல்லில் பட்டால்தான் அது லவ் கேக்.

அடுத்தது பட்டர். 'அறை வெப்பநிலையில் உள்ள பட்டர்' என்று புத்தகத்தில் எழுதியிருந்தால் அது குளிர்நாட்டு அறை, சுமார் 20 பாகை. நம் அடுப்படி பகலில் 30 பாகையைச் சாதாரணமாகத் தாண்டும். மேசையில் ஒரு மணி நேரம் வைத்தால் பட்டர் உருகி நிற்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துத் துண்டாக வெட்டிப் பத்து நிமிடம் விட்டால் போதும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், விரலில் எண்ணெய் மினுங்கக் கூடாது. சீனிப் பருக்கைகள் பட்டருக்குள் உரசி உரசித்தான் காற்றை ஏற்றுகின்றன. உருகிய பட்டரில் அந்தக் காற்று நிற்காது.

மெஷினில் தட்டையான பீட்டரைப் போடுங்கள், கம்பி பீட்டர் இதற்கு வேண்டாம். நடுத்தர வேகத்தில் ஐந்தாறு நிமிடம். இடையில் நிறுத்திக் கிண்ணத்தின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். சுழற்சியிலேயே சூடு ஏறும். இளஞ்சூடாக இருந்தால் கிண்ணத்தைக் கழற்றி ஐஸ் தண்ணீரில் இரண்டு நிமிடம் வைத்து எடுங்கள். பிறகு மஞ்சள் கருவை ஒவ்வொன்றாகச் சேருங்கள்.

கஜு போடும் நேரம் வந்ததும் மெஷினை நிறுத்திவிடுங்கள். கஜு, ரவை, பன்னீர், ஏலம், கடைசியாக அடித்த வெள்ளைக்கரு எல்லாம் கையால், அகன்ற கரண்டியால் மடித்துத்தான் சேர்க்க வேண்டும். வெள்ளைக்கரு அடிக்கும் கிண்ணத்தைத் தேசிக்காய்ப் பாதியால் துடைத்துக்கொள்ளுங்கள். துளி எண்ணெய் இருந்தாலும் நுரை எழும்பாது. தட்டுக்கு மூன்று நான்கு மடிப்புப் பேப்பர் போட்டு 150 பாகையில் நிதானமாக வேக விடுங்கள். நடுப்பகுதி கொஞ்சம் ஈரமாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும்.

கனடாவிலிருந்து மச்சாள் பெரிய ஸ்டாண்ட் மிக்சர் ஒன்று கொண்டுவந்து தந்திருக்கிறா. பிளக்கை மட்டும் மாற்றினால் போதுமா?
– வாசகி, லிங்கநகர்

தயவுசெய்து பிளக்கை மாற்றி நேரே சொருகிவிடாதீர்கள். கனடாவில் 120 வோல்ட், நமக்கு 230. சில நிமிடத்தில் மோட்டார் கருகிவிடும். மெஷினின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்போர்மர் வேண்டும். மெஷின் 300 வாட் என்றால் அதைப்போல் இரண்டு மடங்குக்குக் குறையாததாக வாங்குங்கள். பயணத்துக்கு விற்கிற கையடக்கக் கன்வேர்ட்டர் மோட்டாருக்கு உதவாது. மின்னோட்டம் ஒரு செக்கனுக்கு அலையும் தடவை அங்கே 60 (ஹேர்ட்ஸ்), இங்கே 50; டிரான்ஸ்போர்மர் இதை மாற்றாது. அதனால் முதல் தடவை ஓட்டும் முன் நல்ல எலக்ட்ரீசியன் ஒருவரிடம் காட்டுவது நல்லது.

நல்ல பொருள், பத்திரமாக வைத்துப் பாவியுங்கள். ஹெர்பர்ட் ஜோன்ஸ்டன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர், பேக்கரிக்காரர் ஒருவர் இரும்புக் கரண்டியால் மாவைக் கிளறிப் படும் பாட்டைப் பார்த்துத்தான் இதற்கு யோசித்தார். பேக்கரிக்கான பெரிய மெஷின் 1914இலும் வீட்டுக்கான சின்னது 1919இலும் வந்தன. பாண் மா பிசைவதென்றால் கொக்கியைப் போட்டு மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். இறுகிய மாவில் மெஷின் மேசையில் நகரும்.

பாதாமும் வோல்நட்டும் வாங்கி அலுமாரியில் வைத்தேன். இரண்டு மாதத்தில் வோல்நட்டில் பெயின்ட் மணம். வறுத்தால் சரியாகுமா?
– வாசகர், கிண்ணியா

சரியாகாது, கொட்டிவிடுங்கள். அது எண்ணெய் காறிப்போன மணம். வோல்நட் எண்ணெய் மற்றக் கொட்டைகளின் எண்ணெயைவிடச் சீக்கிரம் கெடும், நம் சூட்டில் இன்னும் வேகமாக. கடற்காற்றில் மெத்தென்று நமுத்துப் போனது வேறு. அதை 160 பாகையில் எட்டுப் பத்து நிமிடம் வறுத்தால் மொறுமொறுப்பு திரும்பிவிடும். நன்றாக ஆறிய பிறகுதான் வெட்டவோ அரைக்கவோ வேண்டும். இனி முழுக் கொட்டையாக வாங்கி, காற்றுப் புகாத போத்தலில் ஃபிரீசரில் வையுங்கள். பாவிக்கும் முன் ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள்.

கஜு விலை கட்டுப்படியாகவில்லை. பதிலாகக் கச்சான் போடலாமா?
– வாசகி, தம்பலகாமம்

பிஸ்கட்டுக்கும் பட்டர் கேக்குக்கும் தாராளமாகப் போடலாம். வறுத்து, துணியில் போட்டுத் தேய்த்துத் தோலை ஊதிவிடுங்கள். லவ் கேக்கில் மட்டும் வேண்டாம், கச்சான் மணம் பன்னீரையும் ஏலத்தையும் அமுக்கிவிடும்.

ஆனால் சாப்பிடுபவருக்குச் சொல்லாமல் மாற்றாதீர்கள். கஜு மரக்கொட்டை, கச்சான் அவரை இனம். ஒன்று ஒத்துக்கொண்டவருக்கு மற்றது ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஒவ்வாமை உள்ளவருக்குச் சிறு துணுக்கே மூச்சை அடைக்கும், உயிருக்கே ஆபத்து. என்னிடம் கேக் எடுக்கும் ஒரு வீட்டில் சின்னப் பையனுக்குக் கச்சான் ஆகாது. அவர்களுடைய ஓடர் உள்ள நாளில் நான் கச்சான் போத்தலைத் திறப்பதே இல்லை. கிண்ணம், பீட்டர், பீட்டர் பூட்டும் தண்டு எல்லாவற்றையும் முதல் நாளே சவர்க்காரம் போட்டுக் கழுவிவிடுவேன். தண்டைச் சுற்றியுள்ள இடுக்கில்தான் தூள் ஒளிந்திருக்கும், அதை ஈரத்துணியால் துடைக்க மறக்காதீர்கள்.

வட்டிலாப்பத்தில் போடும் கஜு அடியில் போய் நிற்கிறது. மெஷினில் அடித்தால் மேலே நிற்குமா?
– வாசகி, மூதூர்

மெஷினில் அடித்தால் நுரைதான் மேலே நிற்கும். முட்டையை முள்ளுக்கரண்டியால் கலக்கினால் போதும். கஜுவைத் தொடக்கத்திலேயே போடாமல் வட்டிலாப்பத்தை அவிய வையுங்கள். பதினைந்து இருபது நிமிடத்தில் மேற்பரப்பு ஆடைபோல் இறுகியதும் மூடியைத் திறந்து, இரண்டாகப் பிளந்த கஜுவை மெதுவாக அடுக்கி, திரும்ப மூடிவிடுங்கள்.