சவுக்குமுளை இருக்கு, ஆனால் பற்றீரியா நீந்தல்ல

வந்தாறுமூலைத் தங்கச்சிக்கு: மோட்-பி மரபணு நீக்கின ஈ. கோலை பற்றீரியா மென் ஏகாரில (நீந்திப் பரவக்கூடிய இளகின வளர்ப்பூடகத்தில) பரவல்ல, சாயமிட்டால் சவுக்குமுளை (நீந்த உதவுற வால் மாதிரி இழை) முழுசாத் தெரியுது, எங்க பிழைவிட்டன் என்று கேட்டிருந்தீங்க. பிழை இல்லை, அப்பிடித்தான் வரவேணும்.

மோட்-ஏ, மோட்-பி என்ற புரதங்கள் இரண்டும் அந்த இழையைக் கட்டுறதில்லை, சுத்திவிடுறதுதான் வேலை. ஐந்து மோட்-ஏயும் இரண்டு மோட்-பியும் சேர்ந்தது ஒரு நிலையி (மோட்டாரில அசையாம நிற்கிற பகுதி). மோட்-பி கலச்சுவரை இறுக்கிப் பிடிக்கும். வாவிச் சேத்தில கம்பு ஊண்டித்தானே தோணி தள்ளுறம். ஊண்ட இடமில்லாட்டித் தள்ளேலாது. ஐதரசன் அயன்கள் நிலையிக்குள்ளால உள்ள இறங்கேக்க, மோட்-ஏ சுழலியில (சுத்துற பகுதியில) இருக்கிற ஃபிளி-ஜி புரதத்தைத் தள்ளும். கலத்தின்ர சக்தி மூலக்கூறான ஏடிபி இதில நேரடியா செலவாகாது. (வாவி மாதிரி உவர்நீரில வாழுற சில விப்ரியோ பற்றீரியாக்களுக்கு சோடியம் அயன்.) ஃபிளி-ஜியை முழுசா நீக்கியிருந்தால் சவுக்குமுளையே முளைச்சிராது.

ஏகாரை மட்டும் நம்பாதீங்க. ஈரத்துளியொன்றை நுணுக்குக்காட்டியில பாருங்க. நின்ற இடத்திலயே நடுங்கினால் அது நீர் மூலக்கூறுகள் மோதுறதால வாற பிரௌனியன் அசைவு, மோட்டார் நிண்டிட்டு. நல்லா நீந்தியும் ஏகாரில பரவாட்டிச் சிக்கல் திசைமாற்றுற சே புரதங்களில.

மறுகா, மோட்-பி மரபணுவைப் பிளாஸ்மிட்டில (சின்ன டிஎன்ஏ வளையத்தில) திருப்பிக் குடுத்துப் பாருங்க. 1984இல் ப்ளொக், பேர்க் என்ற ஆய்வாளர்கள் இப்பிடிச் செய்தபோது சுழற்சி வேகம் படிபடியா ஏறினது, படிக்கொரு நிலையி. நீந்தத் தொடங்கியும் ஏகாரில பரவாட்டி, அதே ஒப்பரனில (ஒண்டாப் படியெடுக்கப்படுற மரபணு வரிசையில) பின்னால வாற சே-ஏ, சே-டபிள்யூ மரபணுக்களும் கெட்டிருக்கும்.