தோழிக்குத் தெரியாமல் ஒரு குல்லா

கேள்வி: டொரண்டோவுக்குப் போகும் தோழிக்கு ரகசியமாக ஒரு கம்பளிக் குல்லா பின்ன ஆசை. மேடு பள்ளமான டிசைன் வேண்டும். தலை அளவு கேட்டால் கண்டுபிடித்துவிடுவாளே?
- வாசகி, குன்னூர்

பதில்: கேட்கவே வேண்டாம். பெரும்பாலான பெண்களுக்குத் தலைச்சுற்றளவு 54 முதல் 57 செ.மீ.தான், குல்லா அதைவிட 5 செ.மீ. குறைவாக இருந்தால்தான் நழுவாமல் நிற்கும், கம்பளி இழுத்துக் கொடுக்கும். முதலில் சின்னத் துண்டு பின்னி 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி (நூல் வளையம்) என்று எண்ணுங்கள், தயவுசெய்து இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். 18 வந்தால் 88 கண்ணி போடலாம். ஓரத்துக்கு 2 நிட் (நேர்ப் பின்னல்), 2 பர்ல் (எதிர்ப் பின்னல்) என்று மாறி மாறி. அப்புறம் 4 நிட், 4 பர்ல் என்று 4 வரிசை, அடுத்த 4 வரிசைக்கு இடம் மாற்றிப் பின்னுங்கள், பாய் முடைந்த மாதிரி கட்டம் கட்டமாக எழுந்து வரும், கண்ணை மூடித் தடவினாலும் விரலுக்குத் தெரியும். கருப்பு நூல் மட்டும் வேண்டாம், அந்த மேடு பள்ளமெல்லாம் அதில் மறைந்துவிடும்.