அம்மாவிடம் சொல்லும் அந்த ரெண்டு வார்த்தை

கேள்வி: நான் கவுன்சலர். என்னிடம் வரும் 29 வயதுப் பெண்ணிடம் அவளுடைய ஏழு வயதில் சித்தப்பா தவறாக நடந்திருக்கிறார். அம்மாவிடம் சொன்னதற்கு, "வெளியே மூச்சு விடாதே" என்று அடக்கிவிட்டாராம். கண்ணை மூடி, தனக்குள் இருக்கும் அந்த ஏழு வயதுக் குழந்தையோடு பேசச் சொன்னால், "ஒண்ணும் வரலை மேடம்" என்று சிரிக்கிறாள். அம்மா நல்ல மாதிரி. அவரே கூட்டிவந்து, ஃபீஸ் கட்டி, வெளியே காத்திருப்பார். போகும்போது விசாரிப்பார், நானும் ரெண்டு வார்த்தை சொல்லி அனுப்புவேன். வேறு என்ன பயிற்சி தரலாம்?

பதில்: பயிற்சி இருக்கட்டும். அந்த ரெண்டு வார்த்தையை யாரைக் கேட்டுச் சொன்னீர்கள்?

வாயை மூடு என்று சொன்ன அதே அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், உள்ளே பேசியதில் கொஞ்சம் அவர் காதுக்குப் போகும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும், அப்புறம் ஏழு வயதுக்காரி எப்படி வாயைத் திறப்பாள்? அவள் சிரிக்கிறாளே, அது ஒத்துழைக்காமல் இருப்பது இல்லை, 22 வருடமாக அவளைக் காப்பாற்றிவரும் சிரிப்பு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு ரகசியம் காக்கப்படுவதை அவளுடைய உரிமை என்கிறது. உயிருக்கு ஆபத்து மாதிரியான நிலைமை வேறு. பெஞ்சில் இருப்பவரின் மன ஆறுதல் அதில் சேராது.

பெற்றவளுக்கு மகளைப் பற்றிக் கேட்க உரிமை இல்லையா என்பீர்கள். குடும்பம் இல்லாமல் நம் ஊரில் யாரும் தேறி வருவதில்லை என்று நம்புகிறவள்தான் நானும். ஆனால் குழந்தை வந்து சொன்ன அன்று அவள் பக்கம் நிற்பதுதான் தாயின் முதல் கடமை. அதைச் செய்யாதவர் ஃபீஸ் கட்டுவதால் அது தீர்ந்துவிடாது. அவருக்கும் குற்ற உணர்வு இருக்கும், பாவம். அவரை வேறொரு கவுன்சலரிடம் அனுப்புங்கள்.

அடுத்த முறை, அம்மாவிடம் இதுவரை என்னென்ன சொன்னீர்கள் என்பதை அந்தப் பெண்ணிடம் ஒன்று விடாமல் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். இனி என்ன சொல்லலாம், சொல்லக்கூடாது என்பதை அவளே முடிவு செய்யட்டும். அவள் சம்மதித்தால், அவளை வைத்துக்கொண்டே அம்மாவிடம் அதைச் சொல்லுங்கள். ஒரு பெரியவர் தனக்காகப் பேசுவதை அந்தக் குழந்தை பார்க்க வேண்டும்.

கண்ணை மூடச் சொல்வதை இப்போதைக்கு நிறுத்துங்கள். இப்படி அடிபட்டவர்களில் பலருக்குக் கண்ணை மூடினாலே பயம் வந்துவிடும். கண் திறந்திருக்கட்டும், கால் தரையில் இருக்கட்டும். அந்த ஏழு வயதில் ஸ்கூல் விட்டு வந்ததும் என்ன சாப்பிடுவாள், யாரோடு விளையாடுவாள் என்று சாதாரணமாகக் கேளுங்கள். அந்தச் சின்னப் பெண்ணை நினைத்தால் என்ன தோன்றுகிறது என்றும் கேளுங்கள். பாசம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், "அவதான் முட்டாள்" என்று கோபம் வரலாம். வந்தால் அந்தக் கோபத்தோடு பேசுங்கள், தாண்டிப் போகாதீர்கள்.

முதலில் பாதுகாப்பு, அப்புறம்தான் நினைவு. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சு உளவியலாளர் பியர் ஜானே போட்டுக்கொடுத்த வரிசை இது. ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு விஷயம் இல்லவே இல்லை. அந்தச் சித்தப்பா இன்னும் அந்த வீட்டுக்கு வந்து போகிறாரா? தீபாவளிக்கு அவர் காலில் விழச் சொல்கிறார்களா? அந்த வீட்டில் இப்போது சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா? மற்றதெல்லாம் இருக்கட்டும், இதை இந்த வாரமே கேளுங்கள்.